21 கிலோமீட்டர் என்பது இரண்டு பத்து அல்ல

காரைக்குடியில் இருந்து குன்றக்குடி மலையடிவாரம் வரை ஓடிப் போய்த் திரும்பி வந்தால் கிட்டத்தட்ட 21 கிலோமீட்டர் ஆகும். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி கிளம்புவதும் அந்தப் பக்கம்தான். குன்றக்குடியில் கூடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று பழனி வரை நடந்தே போவார்கள். எங்கள் அப்பத்தாவும் அந்தக் கூட்டத்தோடு பல வருடம் நடந்தவர். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்ததாலோ என்னவோ, 21 கிலோமீட்டர் எனக்குப் பெரிய தூரமாகத் தோன்றவில்லை. அப்போது பத்து கிலோமீட்டரை 65 நிமிடத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டு பத்து, மேலே ஒரு கிலோமீட்டர் சொச்சம். அதே வேகத்தில் போனால் 2 மணி 17 நிமிடம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அந்தச் சாலையில் நடந்த 21 கிலோமீட்டர் ஓட்டம், அதாவது என் முதல் அரை மாரத்தான், ஓடி முடித்தபோது 2 மணி 41 நிமிடம் ஆகியிருந்தது. முதல் பத்து கிலோமீட்டருக்கு 63 நிமிடம். அடுத்த ஐந்துக்கு 37 நிமிடம். மிச்சமிருந்த ஆறு கிலோமீட்டர் சொச்சத்துக்கு 61 நிமிடம். இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டே அரை மாரத்தான் என்றால் என்ன என்று விளக்கிவிடலாம். பத்து ஓடிப் பழகிவிட்டு, முதல்முறையாக 21-க்குப் பெயர் கொடுத்திருப்பவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு மாரத்தான் 42.195 கிலோமீட்டர். 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பத்தார் அமரும் இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். அந்தத் தூரத்தையே 1921-இல் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் நிலையாக்கியது. அதில் பாதி 21.0975 கிலோமீட்டர்.

அடுத்து வேகம். ஓடுகிறவர்கள் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று பேசுவதில்லை, ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்றுதான் பேசுவார்கள். அதற்குப் பேஸ் என்று பெயர். ஏழு நிமிட பேஸில் கடைசி வரை ஓடினால் அரை மாரத்தான் 2 மணி 28 நிமிடத்தில் முடியும். ஏழரை நிமிடம் என்றால் 2 மணி 38, எட்டு நிமிடம் என்றால் 2 மணி 49. கடைசி வரை ஒரே பேஸில் ஓடினால்தான் இந்தக் கணக்கு நிற்கும். பத்தில் வைத்த பேஸை 21 முழுக்க யாராலும் வைக்க முடியாது. பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் இதற்காக 1977-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். தூரம் இரண்டு மடங்கானால் நேரம் இரண்டு மடங்காவதில்லை, சுமார் 2.085 மடங்கு ஆகும் என்பது அதன் சாரம். அதன்படி பத்தை 65 நிமிடத்தில் ஓடுகிறவருக்கு 21 கிலோமீட்டர் முடிக்க 2 மணி 23 நிமிடம் தேவை. அதுவும் 21-க்கு ஏற்ற பயிற்சி செய்தவருக்கு. நான் அதற்கு முன் ஓடியதிலேயே நீளமான தூரம் 12 கிலோமீட்டர்தான்.

அந்தக் கூடுதல் நேரம் ஏன் ஆகிறது? ஓட ஓட உடம்பு மாறிக்கொண்டே போகிறது. மூன்றாவது கிலோமீட்டரில் ஓடிய அதே உடம்பு பதினாறாவதில் இருக்காது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

முதலில் சூடு. நாம் செலவழிக்கும் சக்தியில் சுமார் கால் பங்குதான் காலை நகர்த்தப் பயன்படுகிறது. மீதி முக்கால் பங்கும் உடம்புக்குள் சூடாகத்தான் மாறும். அந்தச் சூட்டை வெளியே தள்ள நமக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. எங்கள் வீட்டு மண்பானையை வைத்துச் சொன்னால் இது எளிதாகப் புரியும். காற்றடிக்கிற நாளில் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஐப்பசி மழை மூட்டத்தில் அதே பானையின் வெளிப்பக்கம் ஈரம் கசிந்து நிற்கும், ஆனால் உள்ளே தண்ணீர் அவ்வளவாகக் குளிர்ந்திருக்காது. கசிந்த ஈரம் ஆவியாகிப் போனால்தான் பானை குளிரும். உடம்பும் அப்படித்தான். முகத்தில் இருந்து சொட்டிக் கீழே விழும் வியர்வை உடம்பைக் குளிர வைக்காது, தோலிலேயே காய்கிற வியர்வைதான் குளிர வைக்கும். விடிகாலையில் நமக்குச் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் காற்றில் ஈரம் கூடுதலாக இருப்பதால் வியர்வை சீக்கிரம் காயாது. வெயில் ஏறிய பிறகு ஈரம் குறையும், ஆனால் மேலிருந்து வெயிலும் கீழிருந்து தார்ச்சாலையும் சேர்ந்து சுடும்.

அன்றைக்கு ஓட்டம் ஐந்தரைக்குத் தொடங்குவதாகச் சொல்லியிருந்தார்கள். மேடைப் பேச்சு முடிந்து கொடி அசைக்கும்போது ஆறு பத்து. பிப்ரவரி கடைசி வாரம், ஆறரைக்கெல்லாம் எங்கள் ஊரில் சூரியன் வந்துவிடும். குன்றக்குடி காரைக்குடிக்கு வடமேற்கே இருக்கிறது. போகும்போது வெயில் முதுகில் பட்டது, அதனால் ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது எட்டு மணி வெயில் நேராக முகத்தில் அடித்தது. அந்தச் சாலையில் ஓடப் போகிற யாரும் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், தொப்பி ஒன்று கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

சூட்டோடு இதயத்தின் கதையும் சேர்ந்துகொள்கிறது. தோலைக் குளிர வைப்பதற்காக ரத்தத்தில் ஒரு பங்கு தோல் பக்கம் திரும்பிவிடும். வியர்த்துக் கொட்டுவதால் ரத்தத்தில் உள்ள நீரும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் குறைவதால், அதை ஈடுகட்ட அது வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது கிலோமீட்டரில் என் கைக்கடிகாரம் நிமிடத்துக்கு 152 துடிப்பு காட்டியது. பன்னிரண்டாவதில், அதைவிட மெதுவாக ஓடிக்கொண்டிருந்தபோதே 171 காட்டியது. மெதுவாகப் போகிறோமே, மூச்சு ஏன் இப்படி வாங்குகிறது என்று அப்போது பயந்தேன். வெயிலில் நெடுநேரம் ஓடும் எல்லோருக்கும் இது நடக்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது, காலில் இருக்கும் சேமிப்பு. நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் கிளைகோஜனாக மாறி, தசையில் சுமார் 400 கிராமும் ஈரலில் சுமார் 100 கிராமும் சேர்ந்திருக்கும். கிராமுக்கு 4 கலோரி வீதம் மொத்தம் 2,000 கலோரி வரை. ஓட்டத்துக்கு உடல் எடையில் கிலோவுக்கு, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகும். 70 கிலோ எடை உள்ளவர் 21 கிலோமீட்டர் ஓட 1,470 கலோரி. கொழுப்பில் இருந்தும் ஒரு பங்கு வருமே, சேமிப்பு தாராளமாகப் போதுமே என்று தோன்றும். ஆனால் தொடையில் இருக்கும் சேமிப்பைத் தொடைதான் செலவழிக்கும், கையில் இருப்பதைக் கால் கடன் வாங்க முடியாது. இரவு தூங்கும்போதே ஈரலில் இருப்பது பெருமளவு குறைந்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வேகம் கூடக் கூட உடம்பு கொழுப்பை ஒதுக்கிவிட்டு இந்தச் சேமிப்பையே அதிகம் எடுக்கும். குதிரில் நெல் இருக்கிறதே என்று ஆரம்பத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்தால், கடைசியில் அடிநெல்லைத்தான் துழாவ வேண்டியிருக்கும். முதல் ஐந்து கிலோமீட்டரில் காட்டும் அவசரம் கடைசி ஐந்தில் திரும்பி வருவது இப்படித்தான்.

நாலாவது தசை. இரண்டரை மணி நேரம் ஓடினால் சுமார் 25,000 அடி வைக்கிறோம். ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. பத்து கிலோமீட்டருக்குப் பழகிய தசை அந்த அளவு அடிகளைத் தாங்கும். அதற்கு மேல் அது பழகாத வேலை.

பதினாறாவது கிலோமீட்டரில் என் வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் மேசை இருக்க வேண்டிய இடத்தில் காலி அட்டைப்பெட்டிகள்தான் கிடந்தன. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு சின்னப் பாலம். அதன் கட்டைச்சுவரில் கை ஊன்றி நின்றேன். கறுப்புச் சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே வியர்வை காய்ந்து, கோலமாவு இழுத்தது போல வெள்ளைக் கோடுகள் வரிசையாக இருந்தன. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன், உப்பு. எதிரே டீக்கடை வாசலில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார்.

“தம்பி, உக்காந்துராத. உக்காந்தா அப்பறம் எந்திரிக்க முடியாது. காலை நீட்டி, விரலைப் பிடிச்சு உன் பக்கம் இழு.”

சுவரில் காலைத் தூக்கி வைத்துக் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன். ஒரு நிமிடத்தில் உருண்டு நின்ற சதை இளகியது. அந்தப் பெரியவர் பலமுறை பழனிக்கு நடந்திருப்பார் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. சதைப் பிடிப்புக்கு உப்பு குறைவதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது மட்டும் காரணம் இல்லை. பழகாத தூரத்தில் களைத்துப்போன தசை சுருங்கிய பிறகு விரிய மறுப்பதும் ஒரு பெரிய காரணம். அதனால்தான் வேகமாகத் தொடங்கிய நாளில் பிடிப்பு வருகிறது, நீட்டி இழுத்தால் விடுகிறது.

சரி, இதற்கெல்லாம் என்ன செய்வது?

மெதுவாகத் தொடங்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் ஓட்டத்தில் இதைவிடக் கஷ்டமான வேலை எனக்குத் தெரிந்து இல்லை. சில நாள் ஓய்வு எடுத்த கால், காலைக் குளிர்ச்சி, மேளச் சத்தம், பக்கத்தில் முந்திப் போகிறவர்கள் எல்லாம் சேர்ந்து முதல் ஐந்து கிலோமீட்டரை மிகவும் லேசாகக் காட்டும். அப்போது உடம்பு சொல்வதை நம்பக் கூடாது. பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். அடுத்த தடவை, ஒரு ஜனவரி மாதத்தில், அதே சாலையில் நானும் ஒரு நண்பரும் தனியாகவே ஓடினோம். விடியும் முன்பே, நாலே முக்காலுக்குக் கிளம்பிவிட்டோம். முதல் பத்து கிலோமீட்டரை வேண்டுமென்றே 72 நிமிடத்தில் முடித்தேன், அதாவது முந்தைய தடவையைவிட ஒன்பது நிமிடம் தாமதமாக. மீதிப் பதினொன்றை 78 நிமிடத்தில் முடித்தேன். மொத்தம் இரண்டரை மணி நேரம். மெதுவாகத் தொடங்கியும் பதினொரு நிமிடம் மிச்சம்.

இடையில் செய்த பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு. ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிகிறவருக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு வாரம் போதும் என்பது என் கருத்து. வாரத்தில் மூன்று, நான்கு நாள் ஓடினால் போதும். அதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் நீளமான ஓட்டம். ஏழு, எட்டு, ஒன்பது என்று வாரம் ஒரு கிலோமீட்டர் சொச்சம் கூட்டி, மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குறைத்து, 16 அல்லது 18 வரை போனால் போதும். முன்னாலேயே 21 ஓடிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. லாங் ரன்னில் வேகம் பார்க்காதீர்கள். காலுக்கு நேரத்தைப் பழக்குவதுதான் அதன் வேலை. கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்து உடம்பைத் தேறவிட வேண்டும். வெயிலுக்கும் இதேபோலப் பழக்கம் தேவை, பத்து முதல் பதினான்கு நாளில் உடம்பு ஓரளவு பழகிவிடும்.

எங்கள் பக்கத்தில் பயிற்சிக்குத் தார்ச்சாலையைவிடத் தைலமரக் காட்டை ஒட்டிய செம்மண் பாதைகள் காலுக்கு மிருதுவானவை. மழைக்காலத்தில் மட்டும் வழுக்கும். பிள்ளையார்பட்டி சாலையில் சங்கடஹர சதுர்த்தி அன்று ஓடாதீர்கள், விடிவதற்கு முன்பே கார் வரிசை கட்டிவிடும். இருட்டில் ஓடுகிறவர்கள் வெளிர் நிறச் சட்டையும் ஒரு டார்ச்சும் இல்லாமல் கிளம்பவே கூடாது.

நடப்பதில் எந்தக் குறையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் காலோவே, புதிதாக ஓட வருகிறவர்களுக்கு ஓடி, நடந்து, மறுபடி ஓடும் முறையைத்தான் கற்றுக்கொடுத்தார். நாலு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் கிலோமீட்டரில் இருந்தே செய்ய வேண்டும். நான் செய்த மாதிரி, கால் மறுத்த பிறகு நடந்தால் அந்தப் பலன் கிடைக்காது.

சாப்பாட்டில் ஒரு விதி போதும்: ஓட்டத்துக்கு முந்தின நாள் புதிதாக எதுவும் கூடாது. செட்டிநாட்டில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் என்றால் சனிக்கிழமை எங்காவது ஒரு விசேஷ வீட்டில் கோலா உருண்டையும் சுக்காவும் காத்திருக்கும். எண்ணெயும் கறியும் வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். நான் முந்தின மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, இரவு ரசஞ்சோறோ இடியாப்பமோ சீக்கிரமாக முடித்துக்கொள்கிறேன். கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி. ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து தேவைப்படும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. களைத்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஓட்டம் முடிந்துவிடும், அதனால் ஏழாவது எட்டாவது கிலோமீட்டரிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. குடிக்காமல் ஓடுவதும் ஆபத்து, பயந்துகொண்டு வெறும் தண்ணீரை லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் உப்பின் அளவு நீர்த்துப்போனால் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும், உயிருக்கே கெடுதலாகவும் முடியலாம். தாகத்துக்குக் குடிப்பது நல்ல அளவுகோல். கூடவே மருந்துக்கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் கரைசல். உலக சுகாதார அமைப்பின் அளவுப்படி லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் அதில் இருக்கும். ஓடி முடித்ததும் உப்புப் போட்ட நீர்மோர் அருமையானது.

காலணி பழகியதாக இருக்கட்டும், விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரசும். அப்பத்தா பாதயாத்திரைக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு விரல் இடுக்கிலும் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார். சின்ன விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இரண்டு தடவை தடவுவார். நான் வாஸ்லின் தடவுகிறேன், அதே இடத்தில், அதேபோல இரண்டு தடவை.

இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெஞ்சில் வலி அல்லது இறுக்கம், தலைசுற்றல், நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது, வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, இதில் எது வந்தாலும் நின்றுவிட வேண்டும். வெப்பத் தாக்குதலில் உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போய்விடும். அப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கலாம், வியர்க்கிறதே என்று சமாதானம் ஆகிவிடக் கூடாது. பக்கத்தில் ஓடுகிறவர் சம்பந்தமில்லாமல் பேசினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-க்கு அழையுங்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுவது அவசியம்.

ஓடிய அன்று வலி அவ்வளவாகத் தெரியாது. ஒரு நாள் கழித்து ஆரம்பித்து, இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் அடங்கும். அதற்குள் நடக்கலாம், ஓடக் கூடாது. நாங்கள் குடியிருப்பது பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றின் பின்கட்டில், தெருவுக்கு இறங்க ஏழு படி. திங்கட்கிழமை காலை ஏறும்போது ஒன்றும் இல்லை, இறங்கும்போது தொடை விண்ணென்று தெறித்தது. படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது, ஓட்டத்தில் அதிகம் அடிபட்டதும் அதே வேலையைச் செய்த தசைதான். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அப்பத்தா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“திரும்பி நின்னு பின்பக்கமா இறங்குப்பா. பழனி மலையில நாங்க அப்படித்தான் இறங்குவோம்.”

தூணை விட்டுத் திரும்பி நின்று, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினேன். பாதி வலிதான் இருந்தது. வியாழக்கிழமைதான் நேராக இறங்க முடிந்தது.